பணிப்பெயர்

முதல் தடவை அவரை மொழிபெயர்ப்பாளர் என்று போட்டேன்.
அல் ஐனில் அந்த வருஷம்
கணினி காட்டிய வேலைப் பட்டியலில்
ஒட்டகம் பழக்குபவர் உண்டு,
அத்தர் கலப்பவர் உண்டு,
சீனப் பேரரசின் மேற்கு எல்லையை
இருநூற்றைம்பது வருஷம் தள்ளி நின்று பார்ப்பவர்
இல்லை.

ஹெப்சிபா பொன்னையா, நாசரேத்.
பாஸ்போர்ட்டில் பொன்னையா முன்னால்,
புத்தக அட்டையில் பின்னால்.
இரண்டும் ஒரே ஆள்தான் என்று
நூற்றைம்பது திர்ஹம் கட்டி ஒரு சத்தியக் கடிதம்.

நான் பல்கலைக்கழகத்தின் விசா குமாஸ்தா.
அவர் படித்ததெல்லாம் என் கையால்தான் ஒளிநகல் ஆனது.
முனைவர் பட்டத்தின் முதுகில்
நான்கு முத்திரை, இரண்டு தலை, ஒரு காப்பிக் கறை.
கறை என்னுடையது. இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கொரு தடவை
ரத்தம், மார்புப் படம், கைரேகை.
தாள் புரட்டியே ரேகை தேய்ந்துவிட்டது அவருக்கு;
மெஷின் மூன்று முறை இல்லை என்றது.
"இருக்கேன்னு சொல்லுங்க மரைக்கார்"
கண்ணாடியில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே சொன்னார்.

அவர் எழுதிய ஊர் அவருக்கு
ஒரே ஒருமுறை விசா கொடுத்தது. பதினோரு வாரம்.
பிறகு காப்பகத்தில் அந்த அறைக்குப் பூட்டு,
தூதரகத்தில் அவர் மனுவுக்கு மௌனம்.
பதினோரு வாரம் பிடித்த படங்களை வைத்து
பதினேழு வருஷம் எழுதினார்.
விற்றது முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதி.
அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்,
பதவி உயர்வுக் கடிதம் வராத அன்று.

விசா வகை மாற்ற ஒருநாள்
புரைமிக்குக் கூட்டிப்போனேன்.
வெளியேறும் முத்திரை, ஒரு வளைவு, நுழையும் முத்திரை.
நடுவே ஓமான் கடையில் அரை மணி, பரோட்டா, சுலைமானி.
அவர் கம்பிவேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இது எந்த வருஷம் போட்டது?"
எனக்கு முன்னாலேயே இருக்கு என்றேன்.
"எல்லாச் சாவடிக்காரனும் இதைத்தான் எழுதி வச்சிருக்கான்."

ஒரு ரமலான் மத்தியானம். அலுவலகத்தில் யாருமில்லை.
மடிக்கணினியைத் திருப்பி ஒரு தாளைக் காட்டினார்.
அரபி வலமிருந்து வரும், நம்முடையது இடமிருந்து.
இது மேலிருந்து இறங்கியது,
பேரீச்சங்குலையைக் கயிறு கட்டி இறக்குவதுபோல.
மஞ்சு மொழி. எல்லையில் கொடுத்த வழிச்சீட்டு.
விரல் வைத்து வாசித்தார்:
வியாபாரி. வயது நாற்பத்தொன்று. வெளுத்த முகம், தாடி இல்லை.
குதிரை இரண்டு, கழுதை ஒன்று, தேயிலை.
அறுபது நாளில் திரும்ப வேண்டும்.

திரும்பினானா?

"அது வேற தாள். அது கிடைக்கல."

எனக்கு வியாபாரி முக்கியமாகப் படவில்லை.
கழுதையை அடித்துவிட்டு
ஓரத்தில் பொடி எழுத்தில் கோவேறு கழுதை என்று
திருத்தியிருந்தான் ஒருவன்.
அவனை எனக்குத் தெரியும்.
வரிசையில் இன்னும் முப்பது பேர்,
மை உறைகிற குளிர்,
யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தும் திருத்தினான்.

இந்த ஜூனில் துறையை இன்னொரு துறையோடு சேர்த்தார்கள்.
புதுப்பிக்கவில்லை.
ரத்துப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்.
காரணம்: பட்டியலில் மூன்றாவது.
பணிப்பெயர்: தானாகவே வந்து விழுந்தது, மொழிபெயர்ப்பாளர்.
மாற்றப் பார்த்தேன், சிவப்பாகக் கத்தியது.
திரையில் ஓரம் கிடையாது.

அச்செடுத்து,
அலுவலகப் பிரதியில் அந்தச் சொல்லை அடித்து
பக்கத்தில் பேனாவால் எழுதினேன்:
எல்லைகளின் வரலாற்றாசிரியர்.
ஐந்து வருஷம் அலமாரியில் இருக்கும், பிறகு கிழிப்பார்கள்.

கையெழுத்துப் போட வந்தவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னல் வெளிச்சம் விழும்படி தாளைச் சாய்த்து
போனில் இரண்டு படம் எடுத்தார்.
பின்பக்கத்தையும் காட்டச் சொன்னார்.
அதில் ஒன்றுமில்லை என்றேன்.
அதையும் எடுத்துக்கொண்டார்.